உப்புக்காற்றும் ஒரு கணிப்பொறியும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் புகைவண்டி குரும்பூரைக் கடந்ததும் காற்றில் கடல் மணக்கத் தொடங்கும். ஆறுமுகநேரியில் இறங்குவோர்க்கு ஊருக்கு வெளியே உப்பளங்கள் வெண்குவியல்களாய்க் காட்சி தரும். அளத்து வேலைக்குச் செல்வோரின் கால்களை வெடிக்கச் செய்யும் அந்த உப்பு, சன்னல் கம்பிகளையும் மிதிவண்டிச் சங்கிலிகளையும் கதவுக் கீல்களையும் ஓசையின்றித் தின்றுகொண்டிருப்பதை இவ்வூரார் நன்கறிவர். வீட்டின் மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் கணிப்பொறியையும் அது விட்டுவைப்பதில்லை. இதனை ஒரு குடும்பத்தின் மனத்தாங்கலுக்கு நடுவே நாம் அறிய நேர்ந்தது.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில், நமக்கு அறிமுகமான ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். குடும்பத் தலைவர் உப்பளத்தில் கணக்கெழுதி வந்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். அதன்பின் அவருடைய மனைவி, வீட்டிலிருந்தபடியே தட்டச்சு வேலை செய்து குடும்பத்தை நடத்துகிறார். பள்ளிகளுக்கு வினாத்தாள், திருமண அழைப்பிதழ், கல்லூரி விண்ணப்பம் என எது வந்தாலும் மறுக்காமல் செய்து தருவார். மகன் பாலிடெக்னிக்கில் முதலாண்டு மாணவன். அன்று அந்த வீட்டில் பேச்சில்லை. மகன் திண்ணையில் முகம் திருப்பி உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றார்கள்.

“அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. இவன் கை வைக்காம இருந்தா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும்லா?” என்று தாய் கேட்டார்.

நடந்தது இதுதான். பழைய கணிப்பொறி மிகவும் மெதுவாக இயங்கிற்று. தாயின் சிரமத்தைக் கண்ட மகன், தன் சேமிப்பிலிருந்து 8 ஜி.பி. ரேம் ஒன்றை வாங்கி வந்து, ஏற்கனவே இருந்த 4 ஜி.பி. ரேமுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் தானே பொருத்தினான். முதல் நாள் பொறி பறந்தது. மறுநாள் வினாத்தாள் ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை நீலமாயிற்று. பொறி தானாக அணைந்து மீண்டும் எழுந்தது. அடுத்த நாள் அப்படி ஐந்து முறை. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, “எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்துவிட்டு, விண்டோசைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும், நாளைக் காலையில் கொண்டு வாருங்கள்” என்றாராம்.

தாயின் கலக்கத்திற்குக் காரணம் பொறி மட்டுமன்று. கணவரின் கடைசி ஆண்டுப் புகைப்படங்களும், அவர் பேரக்குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிய ஒரு சிறு ஒலிப்பதிவும் அந்தப் பெட்டிக்குள் மட்டுமே இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. ஃபார்மட் செய்தால் அவை போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். நாளை பெட்டியைக் கொடுப்பதா, வேண்டாமா என்று தெரியாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார்.

நீலத்திரை சொல்வது என்ன?

இத்தகைய இக்கட்டு இன்று பல குடும்பங்களுக்கு நேர்கிறது. விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு பொதுவாக நிறுத்திக்கொண்டது. புதிய பொறி வாங்க வசதியற்றோர் பழையதிலேயே ரேமைக் கூட்டியும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தியும் காலத்தை ஓட்டுகின்றனர். இது சிக்கனமான வழியே. அதைத் தவறென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் புதிய உறுப்பைச் சேர்த்தவுடன் பொறி அடிக்கடி நின்றுபோனால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

முதலில் அந்த நீலத்திரையைப் புரிந்துகொள்வோம். (விண்டோஸ் 11-இல் 2025 முதல் அது கருந்திரையாக மாறியிருக்கிறது.) அதைக் கண்டதும் பொறி செத்துவிட்டதென்று பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் அது ஒரு தற்காப்பு. உப்பளத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர், தாம் எழுதிய மூட்டைக் கணக்கும் கண்ணெதிரே இருக்கும் மூட்டைகளும் ஒத்துவரவில்லை என்று கண்டால் என்ன செய்வார்? மேற்கொண்டு எழுதாமல் பேரேட்டை மூடிவிடுவார். தவறான கணக்கை எழுதுவதைவிட எழுதாதிருப்பதே மேல் என்பது அவர் எண்ணம். கணிப்பொறியும் தன் நினைவகத்தில் வைத்தது ஒன்றும் எடுத்தது வேறொன்றுமாய் இருப்பதைக் கண்டால், அந்தத் தவறு ஹார்ட் டிஸ்க்கில் பதிந்துவிடாதிருக்கத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. திரையில் தோன்றும் குறிப்புச் சொல்லைத் தாளில் எழுதியோ கைப்பேசியில் படமெடுத்தோ வைத்துக்கொண்டால், பின்னர் பழுது பார்ப்பவருக்குப் பெரிதும் உதவும்.

எனினும், எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் அடிக்கடி நின்றால் கோப்புகள் சிதையவும் கூடும். ஆதலால் “போகட்டும், மறுபடி போட்டுப் பார்ப்போம்” என்று பத்து முறை முயல்வது அறிவுடைமையாகாது.

உலகறிய நின்ற பொறி

திண்ணையிலிருந்த மகனுக்கு நாம் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னோம். 1998 ஏப்ரல் 20-ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் காம்டெக்ஸ் என்ற கணிப்பொறிக் கண்காட்சி நடைபெற்றது. மேடையில் நின்றவர் மைக்ரோசாப்டின் தலைவர் பில் கேட்ஸ். விற்பனைக்கு வரவிருந்த விண்டோஸ் 98-இன் பெருமையை விளக்க, அவருடைய அலுவலர் கிறிஸ் கபொசெலா ஒரு ஸ்கேனரைக் கணிப்பொறியில் செருகினார். புதிய கருவியைச் செருகியதும் பொறி தானே அடையாளம் கண்டுகொள்ளும் என்பதே அவர்கள் காட்ட வந்தது. செருகியவுடன் பெரிய திரை முழுவதும் நீலமாயிற்று! அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. இதற்காகத்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை என்னும் பொருளில் ஏதோ சொல்லிக் கேட்ஸ் சமாளித்தார். அதே ஆண்டு ஜூன் 25-இல் விண்டோஸ் 98 வெளியாயிற்று.

உலகின் பெருஞ்செல்வர் ஒருவருக்கே, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நேர்ந்தது நமக்கு நேரக்கூடாதா? பையன் முதன்முறையாகச் சிரித்தான். “மாமா, அவங்க அம்மாவும் அவரைத் திட்டியிருப்பாங்களா?” என்று கேட்டான்.

இன்னொன்றையும் அவனுக்கு நினைவூட்டினோம். 2024 ஜூலை 19-ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பு ஒன்றால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் நீலத்திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது உறுப்புக் கோளாறன்று, மென்பொருள் கோளாறு. ஆனால் அதைத் தீர்த்த முறை கவனிக்கத் தக்கது. பெரும்பாலான பொறிகளில் எதையும் முழுதாக அழிக்கவில்லை. பொறியைப் பாதுகாப்பு முறையில், அதாவது சேஃப் மோடில், தொடங்கி, கடைசியாக வந்து சேர்ந்த அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கினார்கள், பொறிகள் எழுந்தன.

ஆகவே புதியதைச் சேர்த்த பின் பொறி நின்றால், கடைசியாகச் சேர்த்ததை முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஃபார்மட் என்பது அதற்கெல்லாம் பின்னால் வர வேண்டியது. கோளாறு ரேமிலோ மின்சாரத்திலோ இருக்குமானால், நூறு முறை ஃபார்மட் செய்தாலும் நூற்றோராவது முறையும் பொறி நிற்கும். வீட்டாரின் நினைவுச் செல்வங்கள் மட்டும் முதல் முறையிலேயே போய்விடும். இதைப் பழுது பார்ப்போர் அறியாதவரல்லர். அவசரத்தில் எளிதான வழியைச் சொல்லிவிடுகின்றனர், அவ்வளவே.

பெட்டியைத் திறந்தோம்

மறுநாள் பெட்டியைக் கொண்டு செல்வதை ஒருநாள் தள்ளிப் போடுமாறு தாயிடம் கேட்டுக்கொண்டோம். அவர் அரை மனதோடு இசைந்தார்.

சுவிட்சை அணைத்து, பிளக்கையே பிடுங்கிவிட்டு, பெட்டியின் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தோம். உள்ளே எஞ்சியிருக்கும் மின்சாரம் அதனால் வடிந்துவிடும். உள்ளே கை வைக்குமுன் கேபினட்டின் வெற்று இரும்புப் பகுதியைத் தொடுவது நன்று. நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் நுண்ணிய உறுப்புகளைக் கெடுத்துவிடக் கூடும். ஈரமான கடலோரக் காற்றில் அந்த அபாயம் குறைவு. குளிரூட்டிய அறைகளில் மிகுதி. மடிக்கணினியாயின் அதன் மின்கலத்தின் இணைப்பையும் கழற்ற வேண்டும்.

மகன் திருப்புளியால் பக்கத் தகட்டைக் கழற்றிப் புதிய ரேமை எடுத்தான். பழைய 4 ஜி.பி. மட்டும் இருக்கப் பொறியைத் தொடங்கினோம். ஒரு மணி நேரம் ஓடிற்று, நிற்கவில்லை. வேறெதையும் செய்யாமல் முதற்காரியமாகப் புகைப்படங்களையும் அந்தத் தாலாட்டையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்தோம். அது முடிந்ததும் தாய் எழுந்து அடுக்களைக்குச் சென்று மகனுக்குச் சோறு போட்டு வந்தார். நமக்கும் ஒரு குவளை தேநீர் கிடைத்தது.

இங்கே பலர் நின்றுவிடுகின்றனர். “புது ரேம் கெட்டது, திருப்பிக் கொடு” என்று முடிவு கட்டிவிடுகின்றனர். ஆனால் புதியதைச் சேர்த்ததும் கோளாறு தோன்றியது என்பதனாலேயே புதியதுதான் கோளாறு என்றாகிவிடுமா? புது மருமகள் வந்த வாரத்தில் பால் திரிந்தால் மருமகள் மேல் பழி போடும் வழக்கத்தைப் போன்றதன்றோ இது!

சோதிக்க ஒரு முறை உண்டு. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். விண்டோசுக்குள்ளேயே ‘மெமரி டயக்னாஸ்டிக்’ என்ற சோதனை அமைந்திருக்கிறது. 1994 முதல் வழங்கி வரும் ‘மெம்டெஸ்ட்86’ என்ற நிரலைப் பென் டிரைவிலிருந்தும் இயக்கலாம். இது இன்னும் கடுமையாகச் சோதிக்கும். நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் எண்களை எழுதி, மீண்டும் படித்து, ஒத்துவருகிறதா என்று பார்ப்பதே இவற்றின் வேலை. இரவு முழுதும் ஓடவிடுவது நல்லது.

புதிய ரேமை முதற்பள்ளத்தில் தனியாக வைத்து இரவு முழுதும் சோதித்தோம். ஒரு பிழைகூட இல்லை! மறுநாள் பழைய ரேமை இரண்டாம் பள்ளத்தில் வைத்தோம். சில நிமிடங்களிலேயே பிழைகள் வரிசையாய்த் தோன்றின. பல ஆண்டுகள் ஒழுங்காக உழைத்த பழைய ரேம், இடம் மாறியதும் பிழை செய்தது. குற்றம் ரேமில் இல்லை; பையன் கையிலும் இல்லை; இரண்டாம் பள்ளத்தில் இருந்தது. இத்தனை ஆண்டுகளும் வெறுமையாய்த் திறந்து கிடந்த பள்ளம் அது.

கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, அப்பள்ளத்தின் ஓரத்துக் கம்பிகளில் பச்சை நிறப் புள்ளிகள் தெரிந்தன. செம்பு களிம்பேறுவதை நாம் பாத்திரங்களில் கண்டதில்லையா? அதே களிம்புதான். இணைப்புக் கம்பிகளுக்குத் தங்கமுலாம் பூசியிருப்பார்கள். தங்கம் துருப்பிடிக்காது. ஆனால் முலாம் மிக மெல்லியது. அதன் நுண்துளைகள் வழியே ஈரமும் உப்பும் புகுந்து அடியிலுள்ள உலோகத்தை அரித்துவிடுகின்றன.

அடுக்களை உப்பு மழைக்காலத்தில் நீர் விடுவதை இல்லத்தரசியர் அறிவர். தூய உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடக்கும்போது நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுக்கும். காற்றோடு வந்து படியும் உப்புத் தூசி இப்படி ஈரமாகி மின்சாரத்தைக் கடத்தும் மெல்லிய படலமாகிறது. அதற்கு மேல் 2023 டிசம்பர் 17, 18 நாள்களின் பெருமழை வேறு. பக்கத்து ஊராகிய காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. அளவு மழை பதிவாயிற்றே! அந்த நாள்களில் கணிப்பொறியைக் கட்டில்மேல் தூக்கி வைத்துக் காத்ததாகத் தாய் சொன்னார். தண்ணீர் தொடவில்லை, ஆனால் வாரக்கணக்கில் ஈரச் சுவர்களுக்கு நடுவே அது இருந்தது. களிம்பு எப்போது தொடங்கியது என்று யார் சொல்ல முடியும்?

அப்படியானால் முதல் நாள் மட்டும் எப்படி ஒழுங்காக ஓடியது என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. அரைகுறையாய்த் தொட்டுக்கொண்டிருக்கும் இணைப்பு, பொறி சூடேறி உலோகம் விரியும்போது விலகலாம். மேலும், வேலை குறைவாக இருக்கையில் பொறி நினைவகத்தின் எல்லா மூலைகளையும் தொடுவதில்லை. பல கோப்புகளைத் திறக்கும்போதுதான் பழுதான பகுதிக்குச் செல்லும்.

பிற காரணங்கள் சில

எல்லா வீடுகளிலும் காரணம் இதுவாகவே இருக்காது. ரேம் வாங்கும்போது அது நம் பொறிக்கு ஏற்ற வகைதானா என்று பார்க்க வேண்டும். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 ஆகியவற்றின் வெட்டுகள் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் மாற்றிச் செருக இயலாது. டி.டி.ஆர்.3-க்குள்ளேயே 1.5 வோல்ட்டில் இயங்குவதும் 1.35 வோல்ட்டில் இயங்குவதும் உண்டு. மடிக்கணினிகள் பலவற்றிற்குப் பின்னது தேவை. வெட்டு ஒன்றேயாதலால் இங்குப் பலர் ஏமாறுகின்றனர். இரு பக்கத்துக் கொக்கிகளும் ‘டக்’ என்று பூட்டும் வரை அழுத்தாமல் விடுவதும் வழக்கமான பிழை. புதிய டி.டி.ஆர்.5 பொறிகளில் ரேம் மாற்றிய பின் முதல் முறை சில நிமிடங்கள் திரை இருண்டே இருக்கலாம். அதற்குள் அணைத்துவிடக் கூடாது.

விளையாட்டுக்கோ படத்தொகுப்புக்கோ கிராபிக்ஸ் கார்டு பொருத்துவோர், மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைக் கவனிக்க வேண்டும். தாய்ப்பலகையின் பள்ளம் அக்கார்டுக்கு 75 வாட் வரையே தரும். மிகுதி தேவைப்படும் கார்டுக்குத் தனி இணைப்பு வேண்டும். சும்மா இருக்கையில் நன்றாயிருந்து, கனமான வேலையின்போது மட்டும் பொறி சட்டென அணைந்தால் முதலில் ஐயுற வேண்டியது இந்தப் பெட்டியைத்தான். மலிவுப் பெட்டிகளின் மேல் அச்சிட்ட வாட் கணக்கை நாம் நம்புவதில்லை. கருவியை இயக்கும் டிரைவர் என்னும் நிரல் பொருந்தாவிடில், சேஃப் மோடில் தொடங்கி அதை நீக்கலாம். இரண்டு மூன்று முறை தொடங்க இயலாமற்போனால் விண்டோஸ் தானே பழுதுநீக்கும் பகுதிக்குச் செல்லும். சேஃப் மோடுக்கான வழி அங்கே இருக்கும்.

எர்த் இணைப்பும் முக்கியமே. கேபினட்டைத் தொட்டால் விறுவிறுக்கும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனை! எர்த் குழியில் கரியும் உப்பும் மாற்றி மாற்றி இடுவது பழைய வழக்கம். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்து மின்சாரத்தை மண்ணுக்குள் நன்கு இறக்கிவிடும். பெட்டிக்குள் பகையாகும் உப்பு இங்கே காவலாகிறது. ஆனால் அதே உப்பு குழியிலுள்ள இரும்புக் குழாயையும் அரிக்குமாதலால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பது நன்று.

இனி அந்த வீட்டுச் செய்திக்கு வருவோம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய தூரிகையால் பள்ளத்தைத் துடைத்துப் பார்த்தோம். (ரேமின் முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது கடைகளில் வழக்கம். மென்மையாய் ஒருமுறை தேய்த்தால் குற்றமில்லை. அழுத்தித் தேய்த்தால் தங்கமுலாமே போய்விடும்.) நன்கு உலர்ந்த பின் மீண்டும் சோதித்தோம். பிழைகள் குறைந்தன, ஒழியவில்லை. தாய்ப்பலகையை மாற்றும் செலவு அந்தக் குடும்பத்தின் கைக்கு எட்டுவதன்று. ஆகவே புதிய 8 ஜி.பி. ரேமை மட்டும் முதற்பள்ளத்தில் பொருத்தினோம். எதிர்பார்த்த 12 கிடைக்கவில்லை. எனினும் முன்பிருந்த 4-ஐப் போல் இரு மடங்கு.

பொறி அன்று முதல் நிற்கவில்லை என்று கேள்விப்படுகிறோம். வினாத்தாள் ஒரு நாள் தாமதமாய்ப் போய்ச் சேர்ந்தது. பழைய ரேம், சிறு பிளாஸ்டிக் உறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. தாலாட்டு இப்போது பென் டிரைவிலும், மகளின் கைப்பேசியிலும் இருக்கிறது. கேபினட்டின் உட்புறத் தகட்டில் மகன் ஒரு தாளை ஒட்டி, தேதியிட்டு எழுதி வைத்திருக்கிறான்: “இரண்டாவது ஸ்லாட்டில் எதையும் போடக் கூடாது. அம்மாவிடம் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது.”